சின்னஞ்சிறு எஞ்சின்களும் எரிபொருட் கலவைகளும்



பெரியனவற்றைக் கண்டு வியத்தல் மக்கள் இயல்பு. ஆகாய விமானத்தின் வரலாறு என்றவுடனே ரைட் சகோதரரும், சமுத்திரங்களைக் கடந்த வீரரும், ஒலியினும் கடுகிச் சென்ற விமானங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வரலாற்றின் ஓரத்திலே மற்றொரு கதையும் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் எஞ்சின்களைப் பூட்டிப் பறக்கவிடப்பட்ட மாதிரி விமானங்களின் கதை அது. விளையாட்டுப் பொருளென்று பலரும் ஒதுக்கிவிட்ட அச்சிற்றெஞ்சின்களை முன்வைத்து, ஒரு துளி எரிபொருளுக்குள்ளே எதனை எவ்வளவு கலக்கலாம் என்று ஆராய்ந்தவர் பலர். பெரிய தொழிற்சாலைகளின் ஆய்வுகூடங்களிலிருந்து வந்தவர் அவருட் சிலரே. பெரும்பாலோர் வீட்டு மேசையிலே அளவுக் குவளையை வைத்துக்கொண்டு வேலை செய்தவர். அவர்கள் கண்டறிந்தவை யாவை, அவ்வறிவுக்கு இருந்த ஆபத்து என்ன, அதனால் விளைந்த பயன் யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிலே ஓர் ஐயத்தைத் தெளிந்துகொள்வோம். பெரிய எஞ்சினைச் சிறிதாக்கிச் செய்துவிட்டாற் போதாதா? அதற்கெனத் தனி எரிபொருள் ஏன் வேண்டும்?

ஒரு பாத்திரத்தின் நீள அகல உயரங்களைப் பாதியாகக் குறைத்தால் அதன் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும். ஆனால் அதன் சுவர்ப்பரப்போ நான்கில் ஒன்றாகவே குறையும். அதாவது, உள்ளே இருக்கும் வாயுவின் அளவுக்குச் சுவர் இரண்டு மடங்கு அகன்றதாகி விடுகின்றது. பெரிய பானையிலுள்ள சோறு நெடுநேரம் சூடாக இருக்க, சிறு கிண்ணத்திலிட்ட சோறு விரைவில் ஆறிப்போவதும் இதனாலேதான். சிற்றெஞ்சினின் உருளையிலும் இதுவே நிகழ்கின்றது. எரிந்து பிறக்கும் வெப்பம் உடனே சுவர்வழி ஓடிவிடுகின்றது. 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மிகச் சிறிய எஞ்சினின் கொள்ளளவு ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே. இரண்டு மூன்று நீர்த்துளிகள் அதனை நிரப்பிவிடும். நிமிடத்துக்கு 20,000 தடவைக்கு மேற் சுழலும் அத்தகைய உருளைக்குள்ளே தீயை ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் மூட்டுவது எளிய காரியமன்று.

இன்னொரு தேவையும் உண்டு. மோட்டார் வண்டியின் எஞ்சினிலே உராய்வைத் தடுக்கும் எண்ணெய் தனியிடத்தில் இருந்து, அங்கிருந்தே எங்கும் சென்று வருகின்றது. இருவீச்சுச் சிற்றெஞ்சினுக்கு அவ்வசதி இல்லை. எரிபொருளோடு கூடவே எண்ணெயும் உள்ளே சென்று, முசலத்தையும் தண்டினையும் நனைத்து, புகையோடு வெளியேற வேண்டும். ஆகவே சிற்றெஞ்சினின் உணவு தொடக்கத்திலிருந்தே கலவையாகத்தான் இருந்திருக்கின்றது. வெப்பம் தருவது ஒன்று, வழுவழுப்புத் தருவது ஒன்று, தீப்பற்ற உதவுவது ஒன்று என மூன்று கடமைகளை அக்கலவையின் உறுப்புகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். இவை ஒன்றோடொன்று இணங்கிக் கலக்கவும் வேண்டும். பின்வந்த ஆராய்ச்சிகளெல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்து கிளைத்தவையே.

மாதிரி விமானங்கள் முதலில் இறப்பர் நாடாவின் முறுக்கினாற் பறந்தன. 1871 ஆம் ஆண்டில் அல்போன்சு பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் பாரிசிலே தாம் செய்த சிறு விமானத்தை 11 விநாடி நேரம் பறக்கவிட்டார். 1896 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்கிலி நீராவியால் இயங்கிய ஆளில்லா விமானத்தை பொற்றோமாக் ஆற்றின்மேல் அரை மைலுக்கு அப்பாலும் செல்லச் செய்தார். அவரே 1901 ஆம் ஆண்டில் பெற்றோல் எஞ்சின் பூட்டிய மாதிரி ஒன்றையும் பறக்கவிட்டார். காற்றினும் கனத்த விமானமொன்று பெற்றோலின் வலியினாற் பறந்த முதல் நிகழ்ச்சி அதுவே. 1914 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே டேவிட் ஸ்ராங்கர் என்பவரின் பெற்றோல் மாதிரி 51 விநாடி பறந்தது. பிரித்தானியாவில் அச்சாதனை 1932 வரை முறியடிக்கப்படாமல் நின்றது.

பெற்றோல் இவ்வளவு தாமதித்து முன்னேறியதற்குக் காரணம் எரிபொருளன்று. அதற்குத் தீமூட்டும் கருவிகளே காரணம். தீப்பொறி வேண்டுமாயின் மின்கலம் வேண்டும், கம்பிச் சுருள் வேண்டும், மின்னொடுக்கி வேண்டும், பொறியை உரிய கணத்தில் எழுப்பும் தொடுமுனைகளும் வேண்டும். சிறு எஞ்சினோடு இவற்றையும் சுமந்தாற் பறவை தன் கூட்டையும் தூக்கிக்கொண்டு பறந்த கதையாகிவிடும். 1930களில் அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரில் உருவான ‘பிரௌன் ஜூனியர்’ என்னும் 10 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இக்கருவிகளையும் சுமந்துகொண்டு சிறப்பாகப் பறந்தது. 1933 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியப் போட்டியில் அவ்வகை எஞ்சின் பூட்டிய மாதிரி, இறப்பர் மாதிரிகளையெல்லாம் வென்றது. அதன்பின் பெற்றோல் எஞ்சின் ஆயிரக்கணக்கில் விற்பனையாகிற்று. ஆனாலும் அந்தச் சுமை நீங்கவில்லை.

சுமையை நீக்கிய முதல் வழி ஐரோப்பாவிற் பிறந்தது. இரண்டாவது உலகப் போர்க் காலத்திலே சுவிற்சர்லாந்தில் ‘டைனோ’ என்னும் 2 கன சென்ரிமீற்றர் எஞ்சின் வெளிவந்தது. அதற்குத் தீப்பொறி இல்லை; மின்கலமும் இல்லை. காற்றை மிக இறுக்கமாக அமுக்கினால் அது சூடேறும். அச்சூட்டினாலேயே எரிபொருள் தீப்பற்ற வேண்டும். பெரிய டீசல் எஞ்சினின் தத்துவம் இதுவே. ஆனால் டீசல் எஞ்சினுக்குரிய எண்ணெயை இதிலே ஊற்றினால் ஒன்றும் நிகழாது. நாம் முன்னே கண்டபடி, சிறிய உருளையின் சுவர்கள் வெப்பத்தைக் களவாடிவிடுகின்றன. பெரிய எஞ்சினிலே எண்ணெயைப் பீச்சும் நுண்ணிய பம்பியை இவ்வளவு சிறிதாகச் செய்வதும் இயலாது.

இந்த இடத்திலே கலவைதான் கைகொடுத்தது. மருத்துவமனையிலே நோயாளரை மயக்குதற்கு 1846 ஆம் ஆண்டிலிருந்து பயன்பட்டுவந்த ஈதர் என்னும் திரவம் மிகக் குறைந்த சூட்டிலே தானாகத் தீப்பற்றும் இயல்புடையது. ஏறக்குறைய 160 முதல் 180 பாகை செல்சியசிலேயே அது எரியத் தொடங்கிவிடும். ஆகவே ஈதர் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு, ஆமணக்கெண்ணெய் ஒரு பங்கு என்று மூன்றையும் சமமாகக் கலக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. ஈதர் தீயைத் தொடங்கிவைக்கும். மண்ணெண்ணெய் வெப்பத்தைத் தரும். ஆமணக்கெண்ணெய் உராய்வைத் தடுக்கும்.

இக்கலவையிலே ஒரு நுட்பம் உண்டு. மண்ணெண்ணெயையும் ஆமணக்கெண்ணெயையும் ஒரு போத்தலில் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். சிறிது நேரத்திற் பிரிந்து நின்றுவிடும். ஈதரைச் சேர்த்தவுடனே மூன்றும் தெளிந்த ஒரே திரவமாகிவிடுகின்றன. இணங்காத இருவரிடையே இருவருக்கும் வேண்டிய ஒருவர் வந்து நின்று உறவாக்கிவைப்பது போன்றது இது. தீமூட்டுவதற்கென்று தேர்ந்த ஈதரே கலவையை இணைக்கும் கடமையையும் ஏற்றுக்கொண்டது. போத்தலின் மூடி நெகிழ்ந்திருந்தால் ஈதர் ஆவியாகிப் போய்விடும். பின்னர் எவ்வளவு முயன்றாலும் எஞ்சின் இயங்காது. எஞ்சினிலே குற்றமென்று எண்ணி அதனைக் கழற்றிப் பார்த்து அலுத்தவர்கள் பலர். குற்றமோ போத்தலின் மூடியில்.

போர் முடிந்தபின் பிரித்தானியாவிலே இவ்வகை எஞ்சின்கள் பெருகின. 1946 இல் வெளிவந்த ‘மில்ஸ்’ என்னும் 1.3 கன சென்ரிமீற்றர் எஞ்சின் எளிதில் இயங்குவதென்று பெயர் பெற்றது. அதனைப் பின்பற்றியமைந்த சிற்றெஞ்சின்கள் இந்தியாவிலே கல்கத்தாவிலும் பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டன. உருளையின் உச்சியிலே ஒரு திருகு இருக்கும். அதனை முறுக்கினால் உள்ளே மற்றொரு சிறு முசலம் இறங்கி, அமுக்கத்தைக் கூட்டும், தளர்த்தினாற் குறைக்கும். எரிபொருளை மாற்றும்போதெல்லாம் இத்திருகையும் மாற்ற வேண்டும். கலவைக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவை விரல் நுனியாலே உணர்ந்துகொள்வதற்கு இதனினும் நல்ல கருவி வேறில்லை.

சமபங்குக் கலவையோடு ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. ஈதரையும் எண்ணெயையும் குறைத்து மண்ணெண்ணெயைக் கூட்டினால் வலிமை கூடும். ஆயினும் எஞ்சின் முரண்டுபிடிக்கும். அக்குறையைத் தீர்க்க, அமைல் நைத்திரேற்று, அமைல் நைத்திரைற்று என்னும் பொருள்களை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்த்தனர். இவற்றுள் அமைல் நைத்திரைற்று 1867 ஆம் ஆண்டிலிருந்து நெஞ்சுவலிக்கு மருந்தாக விளங்கியது. வைத்தியர் நோயாளியின் இருதயத்தைத் தணிப்பதற்கு அளித்த பொருளை எஞ்சினின் இருதயத்தை ஒழுங்காகத் துடிக்கச் செய்வதற்கு இவர்கள் பயன்படுத்தினர். கலவை அமுக்கப்பட்ட கணத்துக்கும் அது தீப்பற்றும் கணத்துக்கும் இடையிலுள்ள தாமதத்தை அது குறைத்தது. இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பெரிய மாற்றத்தை விளைவிப்பதைக் கண்டவர்கள், எரிபொருளை வெறும் விறகாகக் கருதும் எண்ணத்தைக் கைவிட்டனர்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே சுமையை நீக்கிய வழி வேறு. அதன் வேரோ 1817 ஆம் ஆண்டளவுக்குச் செல்கின்றது. சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்கை அமைத்த ஆங்கில விஞ்ஞானி ஹம்பிரி டேவி, எரியும் ஆவியும் காற்றும் கலந்த இடத்திலே சூடேறிய பிளாற்றினக் கம்பியை வைத்தார். சுவாலை ஒன்றும் எழவில்லை. ஆயினும் கம்பி செந்தணலாக ஒளிர்ந்துகொண்டே இருந்தது. ஈதரின் ஆவியிலும் மதுசாரத்தின் ஆவியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பிளாற்றினம் தான் மாறாது நின்று, தன் மேற்பரப்பிலே பிறபொருள்கள் ஒன்றோடொன்று சேர்வதை ஊக்குவிக்கின்றது. இதனையே ஊக்கி என்று இரசாயனவியலார் வழங்குவர்.

ஏறக்குறைய 130 ஆண்டுகளின் பின் இந்த உண்மை மாதிரி விமானத்திலே சென்று புகுந்தது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரே ஆர்டன் 1947 ஆம் ஆண்டில் ‘குளோ பிளக்’ எனப்படும் தணற்செருகியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிறிய திருகாணி போன்ற அதன் அடியிலே பிளாற்றினம் சேர்ந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. எஞ்சினைத் தொடங்கும்போது ஒன்றரை வோல்ற்று மின்கலத்தால் அதனைச் சூடாக்க வேண்டும். எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் மின்கலத்தைக் கழற்றிவிடலாம். ஒவ்வொரு தகனத்தின் வெப்பமும், மெதனோல் ஆவி பிளாற்றினத்தைத் தொடும்போது பிறக்கும் வெப்பமும் சேர்ந்து, அடுத்த சுற்றுவரை தணலைக் காத்துவிடுகின்றன. மின்கலமும் சுருளும் தரையிலேயே தங்கிவிட்டன. விமானம் மட்டும் மேலே சென்றது.

மெதனோல் என்பது மரத்தை வடித்து முற்காலத்திற் பெறப்பட்ட மதுசாரம். தானாகத் தீப்பற்றுவதற்கு அதற்கு 400 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். ஆயினும் பிளாற்றினத்தோடு அதற்கு உள்ள உறவினால் தணற்செருகிக்கு அதுவே ஏற்றதாயிற்று. பெற்றோலைத் தணற்செருகியோடு பயன்படுத்தினால் அவ்வளவு ஒழுங்கான இயக்கம் கிடைப்பதில்லை. மேலும், மெதனோல் ஆவியாகும்போது உருளையைக் குளிரச்செய்கின்றது. அதனோடு ஆமணக்கெண்ணெய் வேறு துணையின்றி நன்றாகக் கலந்துவிடுகின்றது. நம் வீடுகளிலே பேதிக்கு மருந்தாகவும் விளக்குக்கு நெய்யாகவும் பயன்பட்ட எண்ணெய் அது. முதலாம் உலகப் போரிலே சுழல் எஞ்சின் பூட்டிய விமானங்களுக்கும் அதுவே மசகெண்ணெயாயிற்று. பெற்றோல் அதனை எளிதிற் கரைத்துக் கழுவிவிடாது என்பதே காரணம். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறிய வேளையிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டி நிற்பது அதன் குணம். பின்னாளிலே செயற்கை எண்ணெய்கள் பல வந்தன. எனினும், எஞ்சினைக் காப்பதற்கென்று அவற்றோடு சிறிது ஆமணக்கெண்ணெயும் சேர்க்கும் வழக்கம் நீடித்தது.

தணற்செருகி எஞ்சினிலே தீப்பற்றும் கணத்தை மாற்றுவதற்குத் திருகும் இல்லை, தொடுமுனையும் இல்லை. செருகியின் சூடும், அமுக்கமும், கலவையுமே அக்கணத்தைத் தீர்மானிக்கின்றன. எனவே எரிபொருளே கடிகாரமாகவும் அமைந்துவிடுகின்றது. கலவையை மாற்றுவது காலத்தை மாற்றுவதாகும்.

மெதனோலோடும் அமைதியடையாதவர்கள் நைத்திரோமெதேன் என்னும் பொருளை நாடினர். இதன் வலிமையின் இரகசியத்தைச் சில எண்களால் விளக்கலாம். ஒரு கிலோகிராம் பெற்றோல் முழுதும் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். மெதனோலுக்கு 6.4 கிலோகிராம் போதும். நைத்திரோமெதேனுக்கோ 1.7 கிலோகிராமே போதும். அதன் மூலக்கூற்றுக்குள்ளேயே ஒட்சிசன் அடங்கியிருப்பதே காரணம். கிலோகிராமுக்குக் கிலோகிராம் ஒப்பிட்டால் நைத்திரோமெதேன் தரும் வெப்பம் பெற்றோலின் வெப்பத்திலே நான்கில் ஒரு பங்களவே. ஆனால் எஞ்சின் ஒரு சுற்றிலே உறிஞ்சக்கூடிய காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அக்குறித்த அளவு காற்றைக் கொண்டு பெறக்கூடிய வெப்பத்தை நோக்கினால் நைத்திரோமெதேன் பெற்றோலைப்போல இரண்டு மடங்குக்கு மேலாகவே தருகின்றது. வலிமையிலே வறியதென்று தோன்றிய திரவம் எஞ்சினுக்குள் செல்வந்தனாகிவிடுகின்றது.

1940களின் இறுதியிலே கலிபோர்னியாவில் கம்பியிற் கட்டிச் சுழன்றோடும் மாதிரி மோட்டார் வண்டிகளின் பந்தயம் பெருவழக்காயிருந்தது. அப்பந்தயத்துக்கு எஞ்சின் செய்வதிலே பெயர்பெற்றவர் டூலிங் சகோதரர். நைத்திரோமெதேனின் ஆற்றலை அவர்கள் தம் 10 கன சென்ரிமீற்றர் எஞ்சின்களிலே அறிந்திருந்தனர். லொஸ் ஏஞ்சலிசிலே பெரிய பந்தய வண்டிகளைத் தயாரித்த விக் எடெல்புரொக் அவர்களிடமிருந்தே இப்பொருளைப் பற்றி அறிந்தாரென்று பந்தய வரலாறு கூறுகின்றது. அவரது சிறிய போர்ட் எஞ்சின் வண்டி 1950 ஆம் ஆண்டில் நைத்திரோமெதேன் கலந்த எரிபொருளோடு ஓடி, தன்னினும் விலையுயர்ந்த பந்தய எஞ்சின்களை வென்றது. பெரியோர் செய்ததைச் சிறியோர் பின்பற்றுவது உலக வழக்கு. இங்கே உள்ளங்கையளவு எஞ்சின் ஆசிரியனாயிற்று. பெரிய எஞ்சின் மாணவனாயிற்று.

இவ்வறிவு ஆபத்தின்றிக் கிடைத்ததென்று எண்ணிவிடக்கூடாது. ஈதரின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தூரத்து அடுப்பிலே தீப்பற்றிக்கொண்டு திரும்பி வரக்கூடியது. நெடுநாள் திறந்து மூடிய போத்தலிலே அது காற்றோடு சேர்ந்து, வெடிக்கும் இயல்புள்ள பெரொட்சைட்டுகளை உண்டாக்கும். மெதனோல் குடித்தாற் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளச்சாராயத்திற் கலந்திருந்தது இதுவே. அது எரியும்போது பகலொளியிலே சுவாலை கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. நைத்திரோமெதேனைச் சாதாரண கரைப்பானென்று கருதி வந்த காலத்திலே, 1958 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இரு வேறிடங்களில் அதனை ஏற்றிய புகைவண்டித் தாங்கிகள் வெடித்துச் சிதறின. அதன் பின்னரே அதன் உண்மைத் தன்மை தெளிவாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்திலே 2021 ஆம் ஆண்டு முதல், நூற்றுக்கு 16 பங்குக்கு மேல் நைத்திரோமெதேன் உள்ள கலவைகளைப் பொதுமக்கள் அனுமதியின்றி வாங்குவது தடுக்கப்பட்டிருக்கின்றது. வெடிகுண்டு செய்வோர் கையில் அது சேரக்கூடாதென்பதே நோக்கம். மாதிரி விமானக்காரரின் போத்தலும் அச்சட்டத்துக்குள் வந்துவிட்டது.

ஆபத்து ஒருபுறமிருக்க, நியாயமும் ஒரு பிரச்சினையாயிற்று. நைத்திரோமெதேன் விலையுயர்ந்தது, பல நாடுகளிலே கிடைப்பதும் அரிது. போட்டியிலே வெல்வது கைத்திறனா, அல்லது பணப்பையா என்ற கேள்வி எழுந்தது. வேதிப்பொருட் கடை அருகிலுள்ளவன் வெல்வதும், அஃதில்லாதவன் தோற்பதும் விளையாட்டாகுமா? அனைத்துலக விமானவியல் சம்மேளனம் இதற்கு ஒரு விடை கண்டது. வேகப் போட்டி போன்ற சில பிரிவுகளிலே எல்லோரும் ஒரே கலவையைப் பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. மெதனோல் 80 பங்கு, எண்ணெய் 20 பங்கு, வேறொன்றும் கூடாது. சில போட்டிகளிலே நடத்துவோரே எரிபொருளைத் தம் கையாலே வழங்குவர்.

இவ்விதியால் முன்னேற்றம் தடைப்படும் என்று அஞ்சியவர்கள் இருந்தனர். நிகழ்ந்தது வேறு. போத்தலிலே செய்யக்கூடாத வேலையை எஞ்சினிலே செய்யத் தொடங்கினர். புதுக்காற்று உருளைக்குள் நுழையும் வழிகளைத் திருத்தினர். புகைபோக்குக் குழாயை இசைக்குழல்போல் அளந்தமைத்து, அதனுள் எழும் அமுக்க அலைகளாலேயே வெளியேற முயலும் புதுக்கலவையை மீண்டும் உள்ளே தள்ளச் செய்தனர். 2.5 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டிய விமானம் அந்த எளிய கலவையோடு மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. வேலி கட்டிய நிலத்திலும் பயிர் செழிக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

இதற்கு நேர்மாறாக, அணிகள் மூன்று ஒரே வட்டத்திற் பறந்து போட்டியிடும் ‘ரீம் ரேஸ்’ என்னும் பிரிவிலே கலவைக்கு இவ்வாறான கட்டுப்பாடு இல்லாதிருந்தது, தாங்கிக்கே கட்டுப்பாடு. எரிபொருட்டாங்கி 7 கன சென்ரிமீற்றருக்கு மேற்படக்கூடாதென்பது நெடுங்கால விதி. ஒன்றரைத் தேக்கரண்டி எரிபொருளோடு புறப்பட்டு, இடையிடையே இறங்கி நிரப்பிக்கொண்டு 10 கிலோமீற்றரை முடிக்க வேண்டும். வேகம் மட்டும் இங்கே உதவாது, சிக்கனமும் வேண்டும். ஆகவே இங்கே வென்றது மண்ணெண்ணெயும் ஈதரும் சேர்ந்த பழைய கலவையே. மெதனோல் பெருந்தீனிக்காரன், அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு வேண்டும்.

எந்த எரிபொருள் சிறந்தது என்று வினவினால் இச்சிற்றெஞ்சின்கள் நம்மை மறுவினா வினவுகின்றன: எதற்குச் சிறந்தது? குறித்த காற்றிலே பெரும்பயன் வேண்டுமா? நைத்திரோமெதேன். மின்கலமின்றி எளிய தீ வேண்டுமா? மெதனோலும் பிளாற்றினமும். குறைந்த சுமையிலே நெடுந்தூரம் செல்ல வேண்டுமா? அப்போது மண்ணெண்ணெய், பெற்றோல் முதலியவற்றை நாடியே திரும்ப வேண்டும்.

இந்த இறுதி வினாவுக்கு மிகச் சிறந்த விடையை அளித்தவர் அமெரிக்கரான மேனார்ட் ஹில். அற்லாந்திக் சமுத்திரத்தை மாதிரி விமானத்தாற் கடப்பது அவரது நோக்கம். அனைத்துலக விதிப்படி புறப்படும்போது மொத்த எடை 5 கிலோகிராமுக்குள் இருக்க வேண்டும். அவர் தேர்ந்தது 10 கன சென்ரிமீற்றர் நால்வீச்சு எஞ்சின். கடையிலே அது தணற்செருகியோடும் மெதனோலுக்கு ஏற்றதாகவும் விற்கப்பட்டது. ஆனால் கிலோகிராமுக்கு மெதனோல் தரும் வெப்பம், பெற்றோல் வகை எண்ணெயின் வெப்பத்திலே பாதிக்கும் குறைவு. மெதனோலை ஏற்றினால் விமானம் நடுக்கடலிலே விழுவது திண்ணம். ஆகவே அவர் தணற்செருகியைக் கைவிட்டு, பழைய தீப்பொறி முறைக்குத் திரும்பினார். முகாமிடுவோர் விளக்குக்கும் அடுப்புக்கும் ஊற்றும் தூய்மையான நப்தா எண்ணெயை எரிபொருளாக எடுத்து, அதிலே தூய மசகெண்ணெய் சிறிதளவு சேர்த்தார். எஞ்சினுக்குள்ளே கரி படியாமல் நெடுநேரம் ஓட வேண்டுமல்லவா? கலவையையும் வால்வுகளையும் மாற்றி மாற்றிப் பல நாள் மேசையிலே ஓட்டிப் பார்த்தார்.

முந்தைய முயற்சிகள் பல கடலிலே முடிந்தன. 2003 ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 9 ஆம் நாள் நியூபவுண்ட்லாந்தின் ஸ்பியர் முனையிலிருந்து அவருடைய ஐந்தாவது விமானம் எறியப்பட்டது. அதன் எடையிலே ஏறக்குறைய பாதி எரிபொருள். அளவிலோ ஒரு கலனுக்கும் குறைவு. ஆகஸ்ற் 11 ஆம் நாள், 38 மணி 53 நிமிடங்களின் பின், அயர்லாந்தின் கிளிப்டன் ஊருக்கருகே கடற்கரையிலே அது இறங்கிற்று. கடந்த தூரம் ஏறக்குறைய 3,030 கிலோமீற்றர். 1919 ஆம் ஆண்டில் அல்கொக், பிரௌன் என்னும் இருவரும் முதன்முதலில் இடைநில்லாது அற்லாந்திக்கைக் கடந்து வந்திறங்கியதும் கிளிப்டனுக்கருகேதான். ஹில்லுக்கு அப்போது வயது 77. கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டது, செவிப்புலனும் மங்கிவிட்டது. தாம் அனுப்பிய விமானத்தைத் தெளிவாகக் காணமுடியாத அம்மனிதர், அதற்குள்ளே எரியும் ஒவ்வொரு துளியையும் கணக்கிட்டு அறிந்திருந்தார். தாங்கியிலே எஞ்சியிருந்த எரிபொருள் மிகச் சிறிதே. கணக்கு சற்றே பிழைத்திருந்தாலும் அவ்விமானத்தையும் கடல் கொண்டிருக்கும்.

இந்நூற்றாண்டிலே மின்மோட்டாரும் இலிதியம் மின்கலமும் மாதிரி விமானங்களிற் பெரும்பங்கை ஏற்றுவிட்டன. அவை புகைவதில்லை, ஓசையிடுவதில்லை, கையிலே எண்ணெய் படிவதுமில்லை. சிற்றெஞ்சின் செய்த நிறுவனங்கள் பல மூடப்பட்டன. ஆயினும் அவ்வெஞ்சின்கள் புகட்டிய பாடம் மூடப்படவில்லை. எரிபொருள் வேறு, இயந்திரம் வேறு என்று பிரித்து நோக்கலாகாது. ஒன்றை மாற்றினால் மற்றையதும் மாறியே தீரும். மோட்டார் வண்டிக்கு மதுசாரம் கலந்த பெற்றோல் நன்றா, விமானத்துக்குத் தாவர எண்ணெயிலிருந்து பெறும் எரிபொருள் ஏற்றதா என்று இன்று உலகம் விவாதிக்கின்றது. அவ்விவாதத்திலும் நாம் முதலிற் கேட்க வேண்டியது அந்தப் பழைய வினாவே: எந்த எஞ்சினுக்கு, எந்தப் பயணத்துக்கு, எவ்வளவு அளவிலே? மருந்துக்கு மட்டுமன்று, தீக்கும் அளவு உண்டு. அதனை ஒவ்வொரு துளியாக அளந்து கற்றவர்கள், கையளவு விமானத்தைக் கடல் கடக்கச் செய்தார்கள்.